கார்லைலும் அல்கோன்குவினும்: இரண்டு காபரே அறைகள்

கொழிஞ்சாம்பாறை வீட்டில் இதை எழுத உட்கார்ந்தபோது, "ஏன் கண்ணு, காபரேயப் பத்தியெல்லாமா எழுதுவ?" என்று பெரியம்மா முகம் சுளித்தார். அவர் நினைத்தது பழைய திரைப்படங்களின் கிளப் நடனத்தை. நியூயார்க்கின் பழைய ஹோட்டல்களில் காபரே என்பது ஒரு பியானோ, ஒரு குரல், கைக்கெட்டும் தூரத்தில் சாப்பாட்டு மேசைகள், அவ்வளவுதான். கல்பாத்தித் தேர்த் திருவிழாவின் மேடைக் கச்சேரியைவிட, கல்யாண வீட்டுக் கூடத்தில் பாயில் அமர்ந்து கேட்கும் பாட்டுக்கே அது நெருங்கிய உறவு.

1930இல் திறக்கப்பட்ட கார்லைல் ஹோட்டலில், கஃபே கார்லைல் என்ற காபரே அறை 1955 முதல் இயங்குகிறது. மார்செல் வெர்டெஸ் தீட்டிய சுவரோவியங்களுக்கு நடுவே சுமார் 90 பேர் அமரலாம். விடுப்பில் சென்ற ஜார்ஜ் ஃபேயருக்குப் பதிலாக இரண்டே வாரத்துக்கென்று 1968இல் வந்த பாபி ஷார்ட், 2004 வரை அங்கே பியானோ வாசித்துப் பாடினார். கோயிலுக்கு ஆஸ்தான நாகஸ்வரக்காரர் அமைவதுபோல் அறைக்கு ஒருவர் அமைந்ததே கார்லைலின் பலம்.

1902இல் தொடங்கிய அல்கோன்குவின் ஹோட்டலுக்கு, எழுத்தாளர்கள் கூடிப் பேசிய வட்டமேசையால் வந்த பெயர் ஏற்கெனவே இருந்தது. ஓக் பலகைகள் பதித்த, நீண்டு ஒடுங்கிய அதன் ஓக் ரூமில் 1980இல் ஸ்டீவ் ராஸ் பாடத் தொடங்கினார். ஹாரி கானிக் ஜூனியர், டயானா கிரால் போன்றோர் பெரும்புகழ் அடையுமுன்பே அங்கே இடம் பெற்றார்கள். 1992இல் சில்வியா சிம்ஸ் அந்த மேடையிலேயே சரிந்து உயிர்விட்டார். 2012இல் ஹோட்டலைப் புதுப்பித்தபோது அறை மூடப்பட்டது.

இளம் குரலுக்கு வாசல் திறந்ததில் ஓக் ரூமே மேல் என்பது என் எண்ணம். கார்லைல் பெரும்பாலும் பெயர் பெற்றவர்களுக்கான இடம். நுழைவுக் கட்டணமும், அதற்குமேல் சாப்பாட்டுக்கென்று குறைந்தபட்சச் செலவும் உண்டு. ஆனாலும் இன்று போய் உட்காரக்கூடியது அது ஒன்றுதான்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குக் கொல்கத்தா பார்க் தெருவின் டிரிங்காஸ் இருக்கிறது. ஹோட்டல் அல்ல, உணவகம். 1969இல் உஷா உதுப் அங்கே புடவையில் நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடினார் என்று சொன்னதும், "பொடவையிலயா?" என்று கேட்டு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார் பெரியம்மா.