காயிலோவர் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்: நான்கு மாதச் சம்பளத்தை இழந்துவிட்டு எழுதுகிறேன்

நேற்று மாலை அந்தக் கடையிலிருந்து வந்த கடைசி மின்னஞ்சலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "உங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது." நான்கு மாதச் சம்பளத்தைக் கொடுத்து நான் வாங்கிய காயிலோவர் செட் (ஸ்பிரிங்கும் அதன் துள்ளலை அடக்கும் டேம்பரும் ஒன்றாகச் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்), வண்டியிலிருந்து கழற்றப்பட்டு, எண்ணெய் கசிந்தபடி வீட்டின் ஒரு மூலையில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது. கோபம் ஆறிய பிறகு எழுதலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆறிய பிறகு எழுதினால் பாதி விவரம் மறந்துபோகும், மீதியை நானே விழுங்கிவிடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன்.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெர்ஃபார்மன்ஸ் உதிரிபாகங்களை இணையத்தில் மட்டும் விற்கும் கடைகளில் அதுவும் ஒன்று என்பது போதும். எப்படி ஏமாற்றப்பட்டேன் என்பதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

என் தேவை எளிமையானது. வார நாட்களில் வேலைக்குப் போகவும், ஆண்டுக்கு ஏழெட்டு முறை டிராக்கில் (பந்தயத் தடத்தில்) ஓட்டவும் எனக்கு இருப்பது ஒரே கார்தான். எடை 1,280 கிலோ, சஸ்பென்ஷன் முன்னால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை, பின்னால் மல்டிலிங்க் வகை. இத்தகைய இருவகைப் பயன்பாட்டுக்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பது கைக்கு வந்த எண்ணைச் சொல்லும் வேலை அல்ல என்பதால், வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்பிரிங் அமுங்கும் அளவுக்கும் சக்கரம் நகரும் அளவுக்கும் உள்ள விகிதம் என் காரில் முன்பக்கம் 0.95, பின்பக்கம் 0.72. இந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கினால்தான் ஸ்பிரிங்கின் கடினம் சக்கரத்தில் எவ்வளவாக வந்து சேர்கிறது என்பது தெரியும். ஆகவே பின்பக்கம் மில்லிமீட்டருக்கு 9 கிலோ ஸ்பிரிங் (ஒரு மில்லிமீட்டர் அமுக்க 9 கிலோ எடை வேண்டும்) போட்டாலும் சக்கரத்தில் கிடைப்பது ஏறத்தாழ 4.7 கிலோதான். முன்பக்கம் 6, பின்பக்கம் 9 என்று வைத்தால் அதிர்வெண் (ஸ்பிரிங்கின் மேல் கார் நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது) முன்னால் சுமார் 2.2 ஹெர்ட்ஸ், பின்னால் சுமார் 2 ஹெர்ட்ஸ் வரும். சாதாரணக் குடும்பக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். ஆகவே 2 என்பது அன்றாடச் சாலையில் இறுக்கமாகத்தான் தெரியும், ஆனால் டேம்பர் சரியாக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். அந்த "டேம்பர் சரியாக இருந்தால்" என்ற இடத்தில்தான் என் நான்கு மாதச் சம்பளமும் போயிற்று.

ஸ்பிரிங்கைக் கண்ணால் பார்க்கலாம், அளக்கலாம். டேம்பருக்குள் இருக்கும் பிஸ்டனையும், எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய தகடுகளான ஷிம் அடுக்கையும் யாரும் பார்க்க முடியாது. மேலே பளபளப்பான நீலப் பூச்சு இருக்கும், கடினத்தை மாற்றும் குமிழுக்கு 32 கிளிக் (படிகள்) இருக்கிறது என்று எழுதியிருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்த ஒரே சாட்சியை நான் நம்பினேன். நம்பியதற்குக் காரணமும் இருந்தது.

விலை கேட்டு எழுதிய மறுநாளே அவர்களுடைய ஆலோசகர் தொலைபேசியில் அழைத்தார். விற்பனைப் பேச்சு எதுவும் இல்லை. ஓட்டுநர் அமர்ந்த நிலையில் காரின் எடை எவ்வளவு, டயரின் அகலம் என்ன, என்ன வகை டயர், ஆண்டுக்கு எத்தனை டிராக் நாட்கள், ஆன்டிரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) மாற்றியிருக்கிறதா, எவ்வளவு தாழ்த்த விரும்புகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். 25 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்த வேண்டாம், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைகளின் கோணம் கெட்டு, வளைவில் முன்பக்கம் அதிகமாகச் சாயத் தொடங்கிவிடும் என்று அவராகவே எச்சரித்தார். பணம் பறிக்க நினைப்பவன் "வேண்டாம்" என்று சொல்லமாட்டான் என்று நினைத்தேன். "உங்கள் எடைக்கு ஏற்ப டேம்பருக்குள் வால்விங் (வால்வு அமைப்பு) செய்து, நான்கு டேம்பரையும் அதன் விசையை அளக்கும் டைனோ பொறியில் ஓட்டி, வரைபடத்தோடு அனுப்புவோம் சார். கசிந்தால் பிரித்துச் சரிசெய்யலாம், உயரத்தைக் கீழ் பிராக்கெட்டில் மாற்றலாம், அதனால் டிராவல், அதாவது டேம்பர் அமுங்க இருக்கும் தூரம், குறையாது" என்றார். நான் கேட்க வைத்திருந்த கேள்விகளுக்கெல்லாம் கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார். முழுத்தொகையையும் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தினால் தள்ளுபடி உண்டு என்றதும் அன்றிரவே அனுப்பிவிட்டேன். நான்கு மாதச் சம்பளம், ஒரே பொத்தானில்.

சொன்ன தேதிக்கு ஐந்து வாரம் கழித்துப் பெட்டி வந்தது. டைனோ வரைபடம் இல்லை. கேட்டபோது "தனியாக மின்னஞ்சலில் வரும்" என்றார்கள், அது இன்றுவரை வரவில்லை. முன் டேம்பர்கள் இரண்டிலும் ஒரே வரிசை எண் பொறிக்கப்பட்டிருந்தது. கிளிக்குகளை எண்ணிப் பார்த்தால் இடப்பக்கம் 32, வலப்பக்கம் 27. கீழ் பிராக்கெட் உடலோடு சேர்த்து வெல்டு செய்யப்பட்டிருந்தது, அதாவது ஸ்பிரிங் தாங்கும் வளையத்தைத் திருகித்தான் உயரத்தை மாற்ற முடியும், தாழ்த்தத் தாழ்த்த டிராவல் குறைந்துகொண்டே போகும். அப்போதே பெட்டியை மூடித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அழைத்துக் கேட்டேன். "இது மேம்படுத்தப்பட்ட புதிய வடிவம்" என்று அதே ஆலோசகர் அதே நிதானமான குரலில் சொன்னார். அந்தக் குரலை இரண்டாவது முறையும் நம்பினேன்.

பல ஆண்டுகளாக என் காரைப் பார்க்கும் மெக்கானிக்தான் பொருத்தினார். சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் இறுக்கினார். ஆன்டிரோல் பாரைக் கழற்றிவைத்து நான்கு மூலை எடையையும் சமன்செய்து, பிறகு அலைன்மென்ட் செய்தார். ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். முன் டேம்பரின் தண்டில் ஒரு சிறிய பிளாஸ்டிக் டையைக் கட்டிவிட்டு, "ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள், எவ்வளவு அமுங்குகிறது என்று இது காட்டிக்கொடுக்கும்" என்றார். வேகத்தடையோ பள்ளமோ இல்லாத சாலையில் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு வந்து குனிந்து பார்த்தோம். டை மேலே போய் பம்ப் ஸ்டாப்பின் (டேம்பர் கடைசிவரை அமுங்கும்போது தாங்கும் தடுப்பின்) ரப்பருக்குள் பாதி புதைந்திருந்தது. வண்டி சும்மா நிற்கும்போது பம்ப் ஸ்டாப்புக்கு முன் மிச்சமிருந்த டிராவலை அளந்தார்: 18 மில்லிமீட்டர். அவர் ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். 10 மில்லிமீட்டர் உயர்த்திவிட்டு, ரீபவுண்டை (அமுங்கிய டேம்பர் திரும்ப விரியும்போது தரும் எதிர்ப்பை) குறைத்து வைத்துக்கொண்டு டிராக்குக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

மூன்றாவது செஷனில், வேகமாக எடுக்கும் நீண்ட வலது வளைவின் நடுவில் ஒரு சிறு மேடு இருக்கிறது. பழைய ஷாக் அப்சார்பரில் நூறு முறை கடந்த மேடு அது. அன்று இடது முன்சக்கரம் அதில் ஏறியதும் டேம்பர் பம்ப் ஸ்டாப்பில் மோதியது. அந்தக் கணத்தில் ஸ்பிரிங்கின் கடினம் பல மடங்காகிவிட்டதற்குச் சமம் என்பதால் டயர் பிடியை இழந்தது, கார் நேராக வெளியே போய்ச் சரளைக்கல்லில் நின்றது. எனக்கும் வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கிப் பார்த்தபோது இடது டேம்பரின் உடல் முழுக்க எண்ணெய் வழிந்திருந்தது. பணம் போனதைக் கூட ஒருநாள் மறந்துவிடுவேன், கைநடுங்க அந்தச் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்ததை மறக்கமாட்டேன்.

அதன்பிறகு ஆறு வாரம் நடந்தது முழுக்க அலைக்கழிப்பு. முதல் பதில்: "புதிய டேம்பர் செட் ஆகும்வரை லேசான கசிவு இயல்பு." எண்ணெய் சொட்டும் காணொளியை அனுப்பினேன். இரண்டாவது பதில்: "பொருத்தியதில் தவறு." பொருத்திய ஒவ்வொரு கட்டத்தின் படத்தையும் அனுப்பினேன். மூன்றாவது பதில்தான் என்னைக் கொதிக்க வைத்தது: "டிராக்கில் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது." ஆண்டுக்கு எத்தனை டிராக் நாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டவர்கள், சாலைக்கும் டிராக்குக்கும் ஏற்றது என்று விளம்பரத்திலேயே எழுதியவர்கள் சொன்ன பதில் இது. பிறகு, என் செலவில் நான்கையும் அனுப்பினால் சோதிப்பதாகவும் எட்டு வாரம் ஆகும் என்றும் சொன்னார்கள். கையில் இருக்கும் ஒரே ஆதாரத்தையும் அவர்களிடமே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆலோசகரின் எண் இப்போது ஒலிப்பதே இல்லை. நேரடியாகச் செலுத்திய பணத்தைத் திரும்பப் பெற வழியில்லை என்று வங்கியும் கைவிரித்துவிட்டது. நான்கு மாதச் சம்பளம்.

உண்மை தெரிந்தாக வேண்டும் என்பதற்காக, டேம்பர்களைப் பிரித்துச் சரிசெய்யும் ஒரு பட்டறைக்கு முன் இரண்டையும் கொண்டுபோனேன். முதலில் ஸ்பிரிங்கை அளவுப் பொறியில் வைத்தார். சுருள்கள் படியும்வரை சற்று அமுக்கிவிட்டு, அங்கிருந்து 25 மில்லிமீட்டர் அமுக்கினால் 6 கிலோ ஸ்பிரிங் 150 கிலோ காட்ட வேண்டும். இடது ஸ்பிரிங் 121 காட்டியது, வலது 138. இரண்டின் மேலும் 6 என்றே அச்சிடப்பட்டிருந்தது. வலது டேம்பரை டைனோவில் ஏற்றினார். கிளிக்கை முழுக்க மென்மையிலிருந்து முழுக்கக் கடினத்துக்குத் திருப்பியும் வரைபடத்தின் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகவே விழுந்தன. அதாவது நான் மணிக்கணக்கில் எண்ணி எண்ணித் திருப்பிய அந்தக் குமிழ் எதையும் மாற்றவில்லை. பிரித்துச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். மேல்விளிம்பை விரலால் தடவிக் காட்டினார். திருகு மூடி இல்லை, உலோகத்தையே உள்நோக்கி மடித்து அடைத்திருந்தார்கள். அறுத்தால்தான் திறக்கும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, தோன்றுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் டேம்பர்களின் வரிசை எண் அச்சிடப்பட்ட டைனோ வரைபடம் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள், மாதிரி வரைபடத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். தொலைபேசியில் சொன்னதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், முக்கியமாக டிராக் பயன்பாட்டுக்கு உத்தரவாதம் உண்டா என்பதை. தள்ளுபடிக்காக நேரடிக் கணக்குக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். இதே பொருளை வாங்கி ஓராண்டாவது டிராக்கில் ஓட்டிய ஒருவரிடமாவது பேசுங்கள். கிளிக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். பொருத்திய அன்றே தண்டில் ஒரு டையைக் கட்டிப் பாருங்கள்.

இதைப் படிப்பவர்களில் யாருடைய காரிலாவது நீலப் பூச்சும், வெல்டு செய்த கீழ் பிராக்கெட்டும், முன்னால் இரண்டு பக்கமும் ஒரே வரிசை எண்ணும் கொண்ட செட் இருந்தால், அடுத்த டிராக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். இன்றே சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்.