மே மாத நடுப்பகலுக்கு எது தாங்கும்? சம்மர் கேம்ப், நூலகம், ஊர்சுற்றல், கேரம் போர்டு

சென்னையில் கோடை விடுமுறைப் பிள்ளைகளைச் சமாளிப்பது என்றால் காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை சமாளிப்பது என்றுதான் அர்த்தம். காலையில் மாநகராட்சி கிரவுண்டு இருக்கிறது, வெயில் தாழ்ந்தால் தெருவும் கடற்கரையும் இருக்கின்றன. மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் நடுவில் கிடக்கும் அந்த ஐந்து மணி நேரத்தில்தான் போன் பிள்ளைகள் கைக்குப் போகிறது. அதனால் எந்த வழியையும் இரண்டே கேள்விகளால் அளக்கலாம். பதினொன்று முதல் நான்கு வரை அது உதவுமா? முதல் நாள் செலவு போக இருபதாம் நாள் என்ன செலவாகும்?

சம்மர் கேம்ப். கீபோர்டு, ஓவியம், ரோபாட்டிக்ஸ் என்று அபார்ட்மென்ட் வாசல்வரை நோட்டீஸ் வரும். பெரும்பாலும் பத்து நாள், தினம் இரண்டு மணி நேரம். எடுத்துக்காட்டாக ஒரு பிள்ளைக்கு மூவாயிரம் ரூபாய் என்றால் மணிக்கு நூற்றைம்பது ஆகிறது. இரண்டு பிள்ளைகள் என்றால் முந்நூறு, ஆட்டோ தனி. நேரமும் பத்திலிருந்து பன்னிரண்டு என்று முடிந்துவிடும், மிச்சப் பொழுது வீட்டில்தான். நீச்சலுக்கோ, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் நடத்தும் கோடைப் பயிற்சிக்கோ போவது வேறு விஷயம். கட்டணமும் கம்மி, கற்றது உடம்போடு தங்கும். ஆனால் அவையும் காலை, மாலை வேளைகளில்தான்.

நூலகம் கிட்டத்தட்ட இலவசம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் ஒரு முழு நடுப்பகலை ஏசியில் கழிக்கலாம். வாசிக்கும் பழக்கம் ஏற்கெனவே உள்ள பிள்ளைக்கு இதற்கு மிஞ்சியது இல்லை. சிக்கல் தூரம். பெரம்பூரிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ தினமும் யார் கூட்டிப்போவது? பக்கத்துக் கிளை நூலகம்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். அங்கேயும் வெள்ளிக்கிழமை விடுமுறை, சில கிளைகளில் நடுப்பகலில் இடைவேளை. வாசலில் உள்ள நேரப் பலகையைப் பார்த்துவிட்டு, காலையில் போய்ப் புத்தகம் எடுத்துவந்து நடுப்பகலில் வீட்டில் படிக்கவைப்பதே சரி.

ஊர்சுற்றல் வாரத்துக்கு ஒருமுறை போதும். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி விடுமுறை, கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் வண்டலூருக்கும் செவ்வாய். சாதாரணக் கட்டணப் பேருந்தில் அம்மாவுக்கும் மகளுக்கும் டிக்கெட் கிடையாது, பையனுக்குப் பன்னிரண்டு வயது வரை அரை டிக்கெட். பேருந்தில் மிச்சம் பிடித்த காசு வாசலில் விற்கும் மாங்காய்க்கும் ஐஸுக்கும் போய்விடும். மோரும் புளிசாதமும் கட்டிக்கொண்டு போனால்தான் சிக்கனம்.

தரையில் ஆடும் ஆட்டங்களுக்குச் செலவே இல்லை. தாயத்துக்கு நான்கு புளியங்கொட்டை போதும். ஒரு பக்கத்தை மட்டும் சிமென்ட் தரையில் வெள்ளை தெரியத் தேய்த்து, சாக்பீஸால் கட்டம் போட்டால் ஆட்டம் ரெடி. பல்லாங்குழிக்கு முட்டை அட்டையை வெட்டலாம், ஆனால் முப்பது முட்டை அட்டையில் நீளவாக்கில் ஆறு குழிதான் வரும். ஏழாவதை இன்னொரு ஓரத்திலிருந்து வெட்டி அடியில் டேப் ஒட்டுங்கள். மேலே ஒட்டினால் கொட்டை அதில் சிக்கும். இந்த ஆட்டங்களின் குறை ஒன்றுதான்: பாட்டியோ அத்தையோ கூட உட்கார்ந்தால் களைகட்டும், பிள்ளைகளை மட்டும் விட்டால் இரண்டாவது வாரத்தில் சலித்துவிடும். கைத்திறன் வளர அவற்றில் பெரிதாக இடமில்லை.

கேரமில் அந்த இடம் நிறையவே இருக்கிறது, என் ஓட்டும் அதற்குத்தான். காயினின் ஓரத்தில் உரசி அடிக்கும் கட் ஷாட் நேற்று விழாமல் இன்று விழுந்தால் நாளைக்கும் பிள்ளை போர்டைத் தேடும். இது நம்ம ஊர் ஆட்டமும்கூட. 1991, 1995 ஆண்டுகளில் உலக சாம்பியனான மரிய இருதயம், பெண்களில் உலக சாம்பியனான வியாசர்பாடி இளவழகி, 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா எல்லோரும் சென்னைக்காரர்கள்.

வாங்கும்போது பொம்மைக் கடையின் சின்ன போர்டைத் தவிர்த்துவிடுங்கள். விலை பாதி என்றாலும் பிளைவுட் மெல்லியது, சட்டம் லேசானது, பத்து வயதுப் பிள்ளைக்கே அடுத்த கோடையில் போதாது. ஆடும் பரப்பு 29 அங்குலம் உள்ள முழு அளவு போர்டு பெரியமேட்டில், நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். பிளைவுட் 6 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம், போட்டித் தரம் 8. கடையிலேயே ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்காக நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பலகை வளைந்திருக்கிறது. பிறகு பவுடர் போடச் சொல்லி ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்துப் பாருங்கள். நல்ல போர்டில் சட்டத்துக்குச் சட்டம் மூன்று தடவைக்கு மேல் பாயும். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் வேண்டாம். கனமானது காயினை உடைக்கும், பிள்ளைகள் விரலும் வலிக்கும்.

கணக்கைப் பாருங்கள். போர்டு, காயின், பவுடர் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது நாள், தினம் இரண்டு மணி நேரம் ஆடினாலே மணிக்கு முப்பத்தொரு ரூபாய்தான், அதுவும் நான்கு பேருக்குச் சேர்த்து. அடுத்த கோடைக்குப் பவுடர் காசு மட்டும். ஆனால் போர்டு அடுத்த கோடை வரை நேராக இருக்க வேண்டுமே!

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சென்னைக் காற்றின் ஈரம் பிளைவுட்டுக்கு எமன். குளியலறைச் சுவரில் சாய்த்து வைத்தால் ஒரே மழைக்காலத்தில் நடுப்பகுதி உப்பிவிடும், காயின் எல்லாம் தானாக ஓரத்துக்கு நகரும், பிள்ளைகள் வெறுத்துப் போவார்கள். கட்டிலுக்கு அடியில் மட்டமாகப் படுக்கவைக்கலாம், அல்லது வெளிச்சுவரல்லாத சுவரில் இரண்டு ஆணியில் மாட்டலாம். பழைய பருத்திப் போர்வையால் மூடுங்கள், பிளாஸ்டிக் ஷீட் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். ஈரத்துணியால் ஒருபோதும் துடைக்கக் கூடாது. துடைத்தால் மர நார் எழும்பி வழவழப்பு போய்விடும்.

பவுடர் விஷயத்தில் சிக்கனம் பார்த்து முகத்துக்குப் போடும் டால்கம் தட்டினால், வியர்வையோடு சேர்ந்து பசையாகிக் கறுப்புக் கோடு விழும். மைதா போட்டால் எறும்பு. போரிக் பவுடர்தான் சரி. அரை டீஸ்பூன் முழு போர்டுக்கும் போதும், உள்ளங்கையால் வட்டமாகப் பரப்பி, மறுநாள் ஆடும்முன் உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அது வயிற்றுக்குள் போனால் நஞ்சு. ஆடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும், டப்பா பரண்மேல் இருக்க வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இந்த ஆட்டத்தை இரண்டு வருடம் தள்ளிப்போடுவதே நல்லது.

தரையில் போட்டால் பிள்ளைகள் முட்டிபோட்டு போர்டின் மேலேயே சாய்வார்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்கள்மேல் வைத்து, நடுவில் ஒரு கோலியை விடுங்கள். எந்தப் பக்கம் உருள்கிறதோ அந்தப் பக்க ஸ்டூலுக்கு அடியில் செய்தித்தாளை மடித்து வையுங்கள். ஃபேன் நேர் மேலே இருந்தால் பவுடர் கண்ணுக்குப் பறக்கும், போர்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

சண்டை வரும், வராமல் இருக்காது. அண்ணன் பன்னிரண்டு, தங்கை ஏழு என்றால் கருப்பு வெள்ளை பிரித்து ஆடும் முறையில் தங்கை தினமும் தோற்பாள். அதற்குப் பாயின்ட் ஆட்டம் வையுங்கள்: வெள்ளை 20, கருப்பு 10, ரெட் 50, மொத்தம் 320. யாரும் எந்தக் காயினையும் போடலாம். பாயின்ட் எழுதும் நோட்டு தங்கை கையில் இருக்கட்டும், கூட்டல் தானாக வந்துவிடும்.

விற்பதைப் பற்றி: முழு அளவு போர்டு வளையாமல் இருந்தால் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டாலே ஆள் வரும், பாதி விலை தேறினால் லாபம். கேட்கும் ஆளைப் பொறுத்து அதற்குக் கீழேயும் போகலாம். ஏப்ரல் முதல் வாரத்தில் போடுங்கள். ஜூனில் பள்ளி திறந்த பிறகு கேரம் போர்டை யாரும் இலவசமாகக்கூட வாங்க மாட்டார்கள்.