பந்தல் திராட்சையா, கொய்யாவா?

வீட்டுக்குப் பின்னால் வெயில் விழும் இடம் பத்தடிக்குப் பத்தடி இருக்கிறது, என்ன வைக்கலாம் என்று கேட்பவர்கள், பெரும்பாலும் மனதுக்குள் திராட்சை என்று முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். நானும் அப்படி ஆரம்பித்தவன்தான். நர்சரியில் "விதையில்லாத பச்சைத் திராட்சை" என்று ஒரு கன்று கொடுத்தார்கள். நான்கு வருஷம் பந்தல் நிறைய இலை. பழம் என்று பார்த்தால் இரண்டே கொத்து, அதுவும் பிஞ்சிலேயே கருகிவிட்டது.

கன்றை மட்டும் குறை சொல்ல முடியாது. குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி தானே இலை உதிர்த்துத் தூங்கும். விழித்ததும் துளிர்க்கும், அந்தத் துளிரில்தான் பூ வரும். நம் ஊர் வெக்கையில் அது தூங்குவதே இல்லை. குளிர்காலம் செய்யும் வேலையைக் கத்தரிக்கோல்தான் செய்ய வேண்டும். இரண்டாம் வருஷம் கத்தரிக்கோலை எடுத்தபோது, "வளர்ற கொடியை ஏன்டா வெட்டுற?" என்று அம்மா தடுத்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

சரி, வெட்டியிருந்தாலும் அந்த ரகம் தேறியிருக்குமா? சந்தேகம்தான். தாம்சன் போன்ற விதையில்லா ரகங்கள் நாசிக் பக்கத்துக்குப் பொருந்தியவை. அங்கே ஏப்ரலில் ஒரு கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது, அக்டோபரில் ஒரு கவாத்து, அப்புறம் மழையில்லாத குளிர் மாதங்கள். பழம் பெருக்க ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியும் தெளிக்கிறார்கள். நமக்கோ அக்டோபரில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. துளிரும் பூவும் வரும் நேரத்தில் இலை ஈரமாகவே கிடந்தால் அடிச்சாம்பல் நோய் விடாது.

பன்னீர் திராட்சை அப்படியில்லை. மஸ்கட் ஹாம்பர்க் என்பதுதான் ரகத்தின் பெயர். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சை என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை முன்பின்னாகச் செய்வதால் வருஷம் முழுக்க அங்கே பழம் உண்டு. வீட்டில் மார்கழி, தை வாக்கில் வெட்டினால் சித்திரையை ஒட்டிப் பழம்; வைகாசி, ஆனியில் வெட்டினால் ஆவணி, புரட்டாசியில் இன்னொரு தரம். மெலிந்த குச்சியில் இரண்டு கணு விட்டு வெட்ட வேண்டும், நடுத்தரத்தில் மூன்று நான்கு, தடித்ததில் ஐந்தாறு. விதை இருக்கும், பறித்தால் நாள்பட நிற்காது. லாரியில் அனுப்புபவருக்கு அது கவலை. கொல்லையில் பறித்துத் தின்னும் நமக்கென்ன?

இதற்கு எதிராகக் கொய்யாவை நிறுத்தினால், மணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கொய்யாதான் முந்துகிறது. லக்னோ 49 என்ற ரகத்தின் பதியன் கன்று இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும். பந்தல் செலவு இல்லை. இதுவும் புதுத் துளிரில்தான் பூக்கும், ஆனால் வெட்ட மறந்தாலும் கோபித்துக்கொள்ளாமல் நாலு காய் தரும். பழ ஈதான் தொல்லை: மழைக்காலத்தில் வெட்டிப் பார்த்தால் உள்ளே புழு நெளியும். காய் முற்றும் முன்பே காகிதப் பையோ பழைய துணியோ கட்டிவிட்டால் தப்பிக்கலாம். அணிலுக்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

மாமரம் இந்த இடத்துக்குப் பேச்சே இல்லை. தோப்பில் பத்து மீட்டர் இடைவெளி கொடுத்து வைக்கிற மரம் அது. பக்கத்து வீட்டுக்காரர் மனசும் பெரிதாக இருக்க வேண்டும்.

ஆகவே, வருஷத்துக்கு இரண்டு தரம் கொடியை மொட்டையாக்கவும், மழை நாளில் பூஞ்சை நோயைத் தடுக்கும் போர்டோ கலவை தெளிக்கவும் மனசிருந்தால் பன்னீர். ஊருக்குப் போனால் ஒரு மாதம் திரும்பாத ஆள் என்றால் கொய்யா. விதையில்லாப் பச்சை வேண்டுமா, மாசி பங்குனியில் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் சுவரோரம் ஒரு கொய்யா வைத்தேன். பழைய கொடியைப் பிடுங்கிய குழியில், கம்பத்துத் தோட்டம் ஒன்றில் கவாத்து செய்து போட்டிருந்த பன்னீர்க் குச்சியை வாங்கி வந்து வேர்விட வைத்து, போன வருஷம் ஆனியில் நட்டேன். இப்போது பந்தலில் நன்றாகப் படர்ந்துவிட்டது. வரும் மார்கழியில் முதல் கவாத்து. அன்றைக்கு மட்டும் அம்மாவை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன்.