தோட்டத்து எலியும் மூன்று வருட வைத்தியமும்

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் வீட்டை ஒட்டி எங்களுக்கு 30 செண்ட் செம்மண் தோட்டம் இருக்கிறது. பாதியில் மரவள்ளி, மீதியில் ஆடிப்பட்டத்துக்கு நிலக்கடலை, வேலியோரம் எட்டுத் தென்னங்கன்று. மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் கன்று ஒன்று சாய்ந்திருந்தது. நிமிர்த்தலாம் என்று பிடித்தால் கையோடு வந்துவிட்டது. அடியில் குருத்தே இல்லை. மரவள்ளி அதைவிட மோசம். மேலே செடி பச்சைப் பசேல் என்று நிற்கும், பிடுங்கினால் பாதிக் கிழங்கு காணாமல் போயிருக்கும்.

முதலில் வாங்கியது சோலார் குச்சி, இரண்டு. மண்ணில் குத்தி வைத்தால் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை 'ர்ர்ர்' என்று அதிரும், அந்த அதிர்வுக்கு எலி ஓடிவிடும் என்றார்கள். அட்டைப்பெட்டியில் கண்ணே தெரியாத, மண்வெட்டி போன்ற கையுள்ள ஒரு கறுப்புப் பிராணியின் படம். அது மேல்நாட்டு அகழெலி என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கு மண்புழுவும் பூச்சியும்தான் சாப்பாடு, கிழங்கைத் தேடி வராது. அந்த இனம் நம் தென்னாட்டில் கிடையவே கிடையாது. இங்கே தோண்டுவது பெருச்சாளி வகையைச் சேர்ந்த வயல் எலி, கூடவே வெள்ளெலி. ஊரில் இல்லாத பிராணிக்குச் செய்த மருந்தை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்! முதல் வாரம் நடமாட்டம் குறைந்த மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் குச்சியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் புது மண் குவிந்திருந்தது. சத்தம் பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான். குச்சி இன்னும் நிற்கிறது, கரிச்சான் உட்கார வசதியாக இருக்கிறது.

ஆமணக்குப் புண்ணாக்கும் போட்டுப் பார்த்தேன். மரவள்ளி கொஞ்சம் செழித்தது, எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடு, நாய் உள்ள வீட்டில் இதைத் திறந்து வைக்காதீர்கள், அவற்றுக்கு அது விஷம்.

அப்புறம் மருந்து. துத்தநாக பாஸ்பைடு என்ற கறுப்புத் தூளை 96 பங்கு பொரி அரிசி, 2 பங்கு எண்ணெய், 2 பங்கு மருந்து என்று கலந்து வைக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத பொரியை வைத்துப் பழக்க வேண்டும். நான் அவசரக்காரன், பழக்காமலே வைத்தேன். முதல் நாள் இரண்டு செத்தன. கொஞ்சமாகத் தின்று பிழைத்தவை அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை, நான் வைத்த நல்ல பொரியைக்கூடத் தொடவில்லை. எலியின் சந்தேகம் அப்படி. இந்த மருந்துக்கு மாற்று மருந்து கிடையாது என்பதும் சேர்ந்துகொள்ள, பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் இனி வேண்டாம் என்று மீதியைக் கடைக்காரரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வருடம் புரோமடையலோன் என்ற எலிமருந்துக் கட்டி. தின்ற எலி நான்கைந்து நாள் கழித்துத்தான் சாகும் என்பதால் மற்றவை சந்தேகப்படுவதில்லை. வேலை செய்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எங்கள் புளியமரத்தில் ஒரு கூகை உண்டு. மருந்து தின்று தள்ளாடும் எலியை அது பிடித்தால் அதற்கும் ஆபத்து. எனக்காக ராத்திரியெல்லாம் வேட்டையாடுகிறதையே கொல்வதா? நிறுத்திவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகுதான் பக்கத்து ஊரிலிருந்து ஓர் இருளர் பெரியவரைக் கூட்டி வந்தேன். கையில் கடப்பாரை, புகைமூட்டம் போட அடியில் ஓட்டையுள்ள ஒரு மண்பானை. தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் மருந்துக் கட்டி போட்டிருந்த வளைகளைக் காட்டியதும் சிரித்தார்.

"இதெல்லாம் காலி வங்குங்க ஐயா. குடி போயி மாசமாச்சு."

"அதெப்படிச் சொல்றீங்க பெரியவரே?"

"வாயில செலந்தி வலை கட்டியிருக்கு பாருங்க."

மூன்று வருடம் அது என் கண்ணில் படவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான். சாயங்காலம் திறந்திருக்கும் வளைகளையெல்லாம் மண்போட்டு மிதித்துவிட வேண்டும். காலையில் எது திறந்திருக்கிறதோ அங்கே ஆள் இருக்கிறது. பெருச்சாளி வளைக்கு நேர்மாறு. அது உள்ளே போனதும் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும், வெளியே ஈர மண் குவியலாகக் கிடக்கும். அந்த அடைப்பை நாம் திறந்து வைத்தால் காலைக்குள் மறுபடி அடைத்திருக்கும். இப்படிப் பார்த்ததில் என் தோட்டத்திலிருந்த 23 வளைகளில் ஆள் இருந்தது ஐந்தில்தான்!

அந்த ஐந்துக்கும் மூட்டம் போட்டார். வைக்கோலைப் பானையில் திணித்து நெருப்பு வைத்து, வாயை வளையில் பொருத்தி, அடி ஓட்டையில் ஊதினார். புகை எங்கெங்கே கிளம்புகிறதோ அங்கெல்லாம் நானும் என் மகனும் மண் தள்ளி அடைத்தோம். பிறகு தோண்டினார். ஒரு வளையில் கடலை மட்டும் இரண்டு படி இருந்தது, எல்லாம் என் கடலை. கூலி போக, எலிகளையும் அந்தக் கடலையையும் அவரே கேட்டு எடுத்துக்கொண்டார்.

இப்போது மாதம் ஒரு சாயங்காலம் வளை மிதிக்கிறேன். ஆள் இருக்கும் வளைக்கு எதிரில் மட்டும் கிட்டி என்ற எலிப்பொறி வைக்கிறேன். மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டிய தஞ்சாவூர்க் கிட்டிதான், கருவாட்டுத் துண்டைவிடச் சுட்ட தேங்காய்க்கு நன்றாக விழுகிறது. கூகைக்காகத் தென்னை மட்டையைத் தலைகீழாக இரண்டு இடத்தில் நட்டிருக்கிறேன், அடியில் எலி முடியும் எலும்புமாக உருண்டைகள் கிடக்கின்றன. வளை போட இடம் குறையட்டும் என்று வரப்பைச் செதுக்கி ஒடுக்கிவிட்டேன்.

போன அறுவடையில் மரவள்ளியில் கடிபட்டது நான்கு செடி. தெற்கு வரப்பு பங்காளியோடு பொதுவில் இருப்பது, அதை ஒடுக்க அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. இப்போது ஆள் இருக்கிற இரண்டு வளையும் அந்த வரப்பில்தான்.