ஸ்டாக்கா, தனித்தனியா? கடலூர் ரேக்கில் இரட்டை சுவிட்ச்

கோர் சுவிட்ச், அதாவது நெட்வொர்க் முழுவதும் வந்து சேரும் நடு சுவிட்ச், இரண்டு வாங்கியாகிவிட்டது. இரண்டையும் கேபிளால் பிணைத்து ஒரே சுவிட்ச்போல ஓடவிடும் ஸ்டாக் போடுவதா, தனித்தனியாக வைத்து, ஒன்று மாஸ்டர், மற்றது பேக்கப் என்று பொறுப்பைப் பிரிக்கும் வி.ஆர்.ஆர்.பி. ஓட்டுவதா? கடலூர் சிப்காட் பக்கம் வேலைக்குப் போனால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கணும், இரண்டு வழிக்கும் அதுதான் கணக்கு. எது நல்லது என்பது பழுது பார்க்கப் போகும்போதுதான் தெரியும்.

ஸ்டாக்கில் சுகம் அதிகம். ஒரே ஐபி முகவரி, ஒரே கான்ஃபிக் (செட்டிங்). கீழே உள்ள சுவிட்சிலிருந்து இரண்டுக்கும் ஒவ்வொரு கேபிள் இழுத்து ஒரே லிங்க்காகக் கட்டிவிடலாம். மாட்டிக்கொள்வது ஃபர்ம்வேர், அதாவது சுவிட்சின் உள் மென்பொருள், புதிதாகப் போடும் நாளில்தான். பல மாடல்களில் இரண்டும் சேர்ந்தே ரீபூட் ஆகும். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலையில் அதற்கு நேரம் வாங்குவது குதிரைக்கொம்பு. அப்புறம் ஸ்டாக் கேபிள். இரண்டு கேபிள் போட்டு வளையமாக்கணும். ஒன்றை மட்டும் மாட்டி, இன்னொன்றைப் பெட்டியிலேயே விட்டுவைத்த ரேக்குகளை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒற்றைக் கேபிளின் திருகு தளர்ந்தால் போச்சு: இரண்டு சுவிட்சும் ‘நான்தான் மாஸ்டர்’ என்று ஒரே ஐபியோடு எழுந்து நிற்கும். பிங் (இணைப்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதற்கான பதில்) வரும், போகும், வரும்.

வி.ஆர்.ஆர்.பி.யில் இரண்டுக்கும் மூளை தனி. ஒன்றை நிறுத்தி அப்டேட் செய்யலாம், மற்றது ஓடும். மாஸ்டர் வினாடிக்கு ஒரு முறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். அது நின்றால், 100 பிரயாரிட்டி (இந்த எண் யாருக்குப் பெரிதோ அதுவே மாஸ்டர்) உள்ள பேக்கப் சுமார் 3.6 வினாடியில் பொறுப்பேற்கும். கான்ஃபிக்கை இரண்டு இடத்தில் எழுதணும் என்பது தொல்லைதான். ஒன்றில் வீலான் (நெட்வொர்க்குக்குள் தனியாகப் பிரித்த பகுதி) சேர்த்துவிட்டு மற்றதை மறப்பது வழக்கமான கூத்து.

ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. ஓர் ஆலையில் ஜேசிபி ஃபைபரை அறுத்துவிட்டது. போனில் அங்கிருந்த பையன், “சார், ரெண்டும் பச்சையாத்தான் எரியுது, நெட் மட்டும் இல்ல!” மாஸ்டர் உயிரோடுதான் இருந்தது, அதிலிருந்து வெளியே போகும் இணைப்பான அப்லிங்க்தான் செத்திருந்தது. அப்லிங்க் போனால் பிரயாரிட்டியைக் குறைக்கும் டிராக்கிங் போட்டிருந்தார்கள்; ஆனால் மாஸ்டர் 110, பேக்கப் 100, லிங்க் போனால் குறைவது வெறும் 5. 105 ஆன பிறகும் அதுவேதான் மாஸ்டர்! குறைப்பை 20 ஆக்கியதும் சில வினாடியில் பேக்கப் எடுத்துக்கொண்டது.

எதைப் போட்டாலும் உப்புக்காற்று விடாது. முதுநகர் பக்கம் ஒரு ரேக்கில் பேட்ச் கார்டை (சுவிட்சில் சொருகும் குட்டைக் கேபிளை) உருவினால் பின்களில் பச்சைப் பாசிபோலப் படிந்திருந்தது. போர்ட்டில் சிஆர்சி எரர் (வழியில் சிதைந்து வரும் தரவின் எண்ணிக்கை) ஏறினால் சுவிட்சை மாற்றுவதற்கு முன் கார்டை மாற்றிப் பாருங்கள். பவர் சப்ளை இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் சொருகாதீர்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு இந்த ஊரில் கரண்ட் எத்தனை நாள் வரவில்லை என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

என் ஓட்டு: நெட்வொர்க் ஆள் இல்லாத புதுச்சேரி சின்ன ஆபீசுக்கு ஸ்டாக், ஷிஃப்ட் ஓடும் ஆலைக்குத் தனித்தனி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு வேலை குறைந்த நேரத்தில், பிங்கை ஓடவிட்டு மாஸ்டரின் பவரைக் கையால் உருவுங்கள். எத்தனை பிங் விழுந்தது என்று ரேக் கதவில் தேதியோடு எழுதி ஒட்டுங்கள்.