‘உள்ள’ என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்? ஒன்லுக் தேடல் தளம் குறித்த ஒரு மதிப்பீடு

ஒரு சொல்விளையாட்டுக்காகக் கேள்விகள் தயாரித்துக்கொண்டிருந்தபோது, ஜே, எக்ஸ் ஆகிய இரண்டு எழுத்துகளும் உள்ள ஆங்கிலச் சொற்கள் எனக்குத் தேவைப்பட்டன. கைபேசியில் ஏற்கெனவே இருந்த ஒரு சொல்தேடல் செயலியின் ஒற்றைக் கட்டத்தில் அவ்விரு எழுத்துகளையும் இட்டேன். சொல் ஏதும் இல்லை என்று அது கைவிரித்துவிட்டது. ‘ஜூக்பாக்ஸ்’, ‘ஜின்க்ஸ்’ போன்றவை எனக்கே நினைவில் இருக்கும்போது செயலிக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று சற்று எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது: நான் கேட்டது ஒன்று, அது விளங்கிக்கொண்டது வேறொன்று. அந்த இரண்டு எழுத்துகளை மட்டுமே கலைத்து அடுக்கினால் என்ன சொல் வரும் என்று அது தேடியிருக்கிறது.

குறிப்பிட்ட எழுத்துகள் உள்ள சொல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த எழுத்துகள் வேறு எழுத்துகளுக்கு நடுவே எங்கேனும் இருந்தால் போதுமா, ஒட்டி அடுத்தடுத்து வரவேண்டுமா, அவற்றைத் தவிர வேறு எழுத்தே இருக்கக்கூடாதா, எல்லாவற்றையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டுமா என்பவை தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பட்டியலும் வேறு. ஒரு தேடல் கருவி நல்லதா என்பதை, இந்தக் கேள்விகளைப் பிரித்துக் கேட்க அது இடம் தருகிறதா என்பதை வைத்தே நான் இப்போது முடிவு செய்கிறேன். அந்த அளவுகோலில் ஒன்லுக் என்ற ஆங்கிலச் சொல்தேடல் இணையதளம் நன்றாகவே தேறுகிறது.

இத்தளத்தில் வினாக்குறி ஓர் எழுத்தைக் குறிக்கும். நட்சத்திரக்குறி எத்தனை எழுத்துகளை வேண்டுமானாலும் குறிக்கும். டபிள்யூவையும் கே-யையும் நட்சத்திரங்களுக்கு நடுவே அதே வரிசையில் வைத்துத் தேடினால் ‘வொர்க்’, ‘வீக்’ போன்றவை வரும். ‘கிவி’ வராது, ஏனெனில் அதில் கே முந்திக்கொள்கிறது. வரிசை பொருட்டில்லை என்றால், ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நட்சத்திரங்களுக்குள் அடைத்து நடுவில் காற்புள்ளி இடவேண்டும். இந்தக் காற்புள்ளிதான் என் பார்வையில் தளத்தின் மிகச் சிறந்த வசதி. என் ஜே, எக்ஸ் சிக்கல் இதில்தான் தீர்ந்தது. ஐந்து வினாக்குறிகளை இட்டுக் காற்புள்ளிக்குப் பின் வேண்டிய எழுத்தைச் சேர்த்தால், சொல்லின் நீளத்துக்கும் வரம்பு கட்டிவிடலாம். கேட்ட ஒலியை நம்பித் தேடுகிறவர்களுக்கு அகப்படாத சொற்களும் இப்படிக் கையில் கிடைக்கும்: ‘நாலெட்ஜ்’ என்ற சொல்லில் கே, டபிள்யூ இரண்டுமே இருக்கின்றன, காதில் இரண்டுமே விழுவதில்லை.

எழுத்துகள் ஒட்டி வரவேண்டுமானால் அவற்றைச் சேர்த்தே எழுதி இருபுறமும் நட்சத்திரம் இட்டால் போதும். ஆர், எஸ், டி, யூ ஆகிய நான்கும் அகரவரிசை மாறாமல் அடுத்தடுத்து நிற்கும் ‘அண்டர்ஸ்டடி’ என்ற சொல்லை அப்படிக் கண்டபோது உண்டான மகிழ்ச்சி சிறுபிள்ளைத்தனமானதுதான்.

இப்படி நாம் எழுதும் தேடல் வடிவத்தின் இறுதியில் கழித்தல் குறி இட்டுச் சில எழுத்துகளை எழுதினால், அவை உள்ள சொற்கள் விலக்கப்படும். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் ‘வேர்டில்’ விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு இது கைகொடுக்கும், ஆனால் கவனம் தேவை. விடை ‘பிளான்ட்’ என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ‘லாமா’ என்ற விலங்கின் பெயரை முயல்கிறீர்கள். ஆங்கிலத்தில் அது இரண்டு எல், ஓர் ஏ, ஓர் எம், மறுபடியும் ஓர் ஏ என்று எழுதப்படும். இரண்டாவது எல்லும் நடு ஏயும் சரியான இடத்தில் இருப்பதால் பச்சையாகின்றன. முதல் எல்லும் கடைசி ஏயும் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. சாம்பல் நிறத்தைக் கண்டவுடன் எல், ஏ ஆகிய இரண்டையும் விலக்குப் பட்டியலில் சேர்த்தால் விடையே பட்டியலிலிருந்து போய்விடும். இன்னொரு எல் இல்லை என்பதுதான் அந்த நிறத்தின் பொருள். எல்லே இல்லை என்பதல்ல. இதில் தளத்தின் பிழை ஏதும் இல்லை, நாம்தான் பார்த்து இடவேண்டும்.

கூட்டல் குறி இதற்கு நேர்மாறானது: கொடுத்த எழுத்துகளைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது, ஆனால் ஒரே எழுத்து எத்தனை முறையும் வரலாம். எழுத்துகளைத் திரும்பப் பயன்படுத்த அனுமதிக்கும் நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ விளையாட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளை ஆடுகிறவர் இதை நம்பினால் ஏமாறுவார். எஸ், இ, என், எல் என்ற நான்கு எழுத்துகளை மட்டும் கொண்டு ‘சென்ஸ்லெஸ்னெஸ்’ என்ற 13 எழுத்துச் சொல் அமைந்துவிடுகிறது. அதில் எஸ் மட்டும் 6 முறை வருகிறது. ஸ்கிராபிளின் 100 கட்டைகளில் எஸ் இருப்பதோ நான்குதான். இரண்டு வெற்றுக் கட்டைகளையும் சேர்த்தால் கணக்கு நேராகும் என்றாலும், அத்தனையும் ஒருவர் கைக்கு வந்துசேரும் ஆட்டத்தை நான் கண்டதில்லை.

கட்டைகளை ஒருமுறை மட்டும் பயன்படுத்தி அடுக்க வேண்டுமென்றால் எழுத்துகளுக்கு முன் இரண்டு சாய்கோடுகளை இடலாம். ‘லிசன்’ என்பதன் ஆறு எழுத்துகளை அப்படிக் கொடுத்தால் ‘சைலன்ட்’, ‘என்லிஸ்ட்’, ‘டின்சல்’ ஆகியவை வரிசையாக வந்து நிற்கும். ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் இறக்கி 50 புள்ளி கூடுதலாகப் பெற நினைப்பவர் வீட்டில் பயிற்சி எடுக்க இது போதுமானது.

குறிகளை நினைவில் வைத்துக்கொள்ள ஓரிரு நாள் பிடிக்கும். கைபேசி விசைப்பலகையில் நட்சத்திரத்தைத் தேடிப் பிடிப்பதும் ஒரு வேலைதான். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: ஒன்லுக் பல அகராதிகளுக்கான ஒரு சுட்டி. ஆகவே சொற்றொடர்களும் இயற்பெயர்களும் கலந்தே வரும்; ஒரு சொல் விளையாட்டில் செல்லுமா என்பது அதன் பொறுப்பல்ல. அந்த முடிவு விளையாட்டின் சொற்பட்டியலுக்கு உரியது, பட்டியல்களும் ஒரே மாதிரி இல்லை. நாம் நாள்தோறும் பேசும் ‘ஓகே’ என்ற இரண்டெழுத்துச் சொல் அமெரிக்க ஸ்கிராபிள் அகராதியில் 2018-இல்தான் இடம்பிடித்தது; ஸ்கிராபிளின் மற்றொரு சொற்பட்டியலான காலின்ஸுக்கு அது வந்து சேர 2019 ஆகிவிட்டது.