லெப்டினன்ட் மெடல் என்று சொல்லி விற்றார்கள்

பழைய நாணயம், பதக்கம் விற்கும் ஒருவரிடம் போன மாதம் ஆன்லைனில் 18,500 ரூபாய் கொடுத்து ஒரு இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடல் (பிரிட்டிஷ் காலத்து ராணுவப் பதக்கம்) வாங்கினேன். 1854ஆம் வருட வகை, நாடாவில் ‘பர்மா 1885-7’ என்ற வெள்ளிப் பட்டை. மதராஸ் படை லெப்டினன்ட் ஒருவருடையது, அக்மார்க் ஒரிஜினல் என்று சத்தியம் செய்யாத குறை.

பதக்கம் அழகுதான். ஒரு பக்கம் விக்டோரியா தலை. திருப்பினால் உட்கார்ந்திருக்கும் வீரனுக்கு வெற்றித் தேவதை முடிசூட்டுகிறாள், கீழே ஒரு தாமரை. அதன் இதழ்கூடத் தேயவில்லை. பட்டையில் இருக்கும் அந்த பர்மா போரில் மதராஸ் படைக்கு நல்ல பங்கு உண்டு. பிரிட்டிஷ் தளபதி பிரெண்டர்காஸ்ட் பிறந்ததே மதராஸில். 1885 நவம்பரில் ஐராவதி ஆற்றில் ஸ்டீமர் ஏறிப் போய் இரண்டே வாரத்தில் தலைநகர் மாண்டலேயைப் பிடித்தார்கள். பர்மாவின் தீபா மன்னரையும் முதலில் மதராஸுக்குத்தான் கொண்டுவந்தார்கள், அப்புறம்தான் ரத்னகிரி. ஆனால் கிளர்ச்சி ஓயவில்லை, பட்டையில் 87 வரை இருப்பது அதனால்தான்.

சரி, கோளாறுக்கு வருகிறேன். இந்த மெடலில் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வெள்ளி, ஒரே அச்சு (டோலி தூக்கினவர்கள் போன்ற கூடவந்த ஆட்களுக்கு மட்டும் வெண்கலம்). யாருடையது என்பதை விளிம்பில் பொறித்த பெயர்தான் சொல்லும், விலையும் அதை வைத்துத்தான். நாடா புத்தம் புதுசு, அது பரவாயில்லை, நாடா மாற்றுவது சகஜம். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் குறுக்களவு 36 மில்லிமீட்டர் இருக்கவேண்டியது 35.5தான் இருக்கிறது. எங்கள் தெரு பத்தர் லென்ஸில் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “சார், விளிம்பை அரம் போட்டு இழைச்சிருக்கான்” என்றார். கொக்கியின் இடுக்கில் அரம் எட்டாத இடத்தில் பழைய எழுத்து ஒன்றின் வால் மிச்சம் இருக்கிறது. சிப்பாய் என்பதன் ஆங்கில எழுத்துகளில் கடைசியாக வரும் ‘ஒய்’ என்று நினைக்கிறேன். அதிகாரி பெயருக்கு விலை கூடும் என்று எவனோ அந்த ஆளையே வழித்தெடுத்திருக்கிறான்.

விற்றவரிடம் கேட்டால், நூறு வருஷப் பொருள், தேயத்தானே செய்யும் என்றார். மூன்று நாள் சண்டைக்குப் பிறகு 4,000 திரும்ப வந்தது, பொருளைத் திருப்பி எடுக்கமாட்டாராம். பேக்கிங் மட்டும் பிரமாதம்.

5க்கு 2. வாங்குகிறவர்கள் விளிம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் போட்டோ கேளுங்கள், முகத்தைக் காட்டினால் மயங்காதீர்கள். லெப்டினன்ட் யாரென்று தேடுவதை விட்டுவிட்டேன். ராத்திரி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அந்தச் சிப்பாயின் நம்பரைத் தேடுகிறேன், இதுவரை ஒரு 2 தெரிகிறது.